கடிதம் வந்தது, எழுத்து வரவில்லை

மாசாய் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்குக் கொள்கலன் லோரி ஒரு புதிய காட்சியல்ல. ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்கிற்கும் நடுவில் அமைந்த ஊர் அது. 1977ஆம் ஆண்டு பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் செயல்படத் தொடங்கியதிலிருந்து, இரும்புப் பெட்டிகளைச் சுமந்த லோரிகள் அந்த வட்டாரச் சாலைகளில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பது ரப்பரா, மரச்சாமானா, துணிமணியா என்று லோரி ஓட்டுநருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. பெட்டியின் அளவு, அதன் மேல் எழுதிய எண், போய்ச் சேர வேண்டிய இடம், இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

அன்பு நேயர்களே, இணையமும் இப்படித்தான் இயங்குகிறது. தான் சுமப்பது தமிழா, சீனமா, திரைப்படப் பாடலா, வங்கிக் கணக்கா என்று இணையம் கேட்பதே இல்லை. அதன் பலம் அதுதான். தமிழர்கள் ஒரு காலத்தில் பட்ட சிரமத்திற்கும் காரணம் அதுதான். அந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இணையம் என்றால் என்ன என்பது முழுமையாக விளங்கும்.

இரும்புப் பெட்டியும் பொட்டலமும்

கப்பல் சரக்கைச் சாக்கு சாக்காகத் தோளில் சுமந்து இறக்கிய காலம் ஒன்று இருந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி, 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பினார். நவீனக் கொள்கலன் போக்குவரத்து அதிலிருந்துதான் வளர்ந்தது. ஆனால், பெட்டி மட்டும் இருந்தால் போதுமா? ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் அளவில் பெட்டி செய்தால், ஒரு துறைமுகத்தின் பளுதூக்கி மற்றொரு நிறுவனத்தின் பெட்டியைத் தூக்க முடியாது. 1960களில் பல நாட்டவரும் கூடிப் பேசிப் பொது அளவுகளை வகுத்த பிறகே, எந்தப் பெட்டியும் எந்தத் துறைமுகத்திலும் இறங்கலாம் என்ற நிலை வந்தது.

கணினித் துறையிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே சிக்கல் எழுந்தது. 1960களில் அமெரிக்காவின் பால் பேரனும் இங்கிலாந்தின் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். நீண்ட செய்தியை ஒரே மூச்சில் அனுப்பாமல், சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்புவது என்பதே அந்த முடிவு. 1969இல் தொடங்கிய அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பு இதை நடைமுறைப்படுத்தியது. பிறகு வானொலி வழி ஒரு வலையமைப்பும், துணைக்கோளம் வழி இன்னொரு வலையமைப்பும் உருவாயின. ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி பேசியது. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியவில்லை.

இவற்றை எப்படி இணைப்பது? 1974ஆம் ஆண்டு மே மாதம் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு வழி காட்டியது. எந்த வலையமைப்பும் தன் உள் அமைப்பை மாற்ற வேண்டாம். பொட்டலத்தின் மேலுறையை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவோம் என்றார்கள். கொள்கலன் கதையும் இதுதானே?

அந்த மேலுறை விதிகளுக்கு நெறிமுறை என்று பெயர். 1978 வாக்கில் அது இரண்டாகப் பிரிந்தது. முகவரி எழுதிப் பொட்டலத்தை அடுத்த நிலையத்திற்குத் தள்ளிவிடும் வேலை ‘ஐபி’ என்ற இணைய நெறிமுறைக்குப் போனது. பொட்டலங்கள் குறையின்றி வரிசையாகச் சேர்ந்தனவா என்று பார்க்கும் பொறுப்பு ‘டிசிபி’ என்ற போக்குவரத்து நெறிமுறைக்கு வந்தது. 1981 செப்டம்பரில் இரண்டும் முறைப்படி எழுதி வெளியிடப்பட்டன. 1983 ஜனவரி 1ஆம் நாள் ஆர்பாநெட் பழைய நெறிமுறையைக் கைவிட்டு இந்தப் புதிய நெறிமுறைக்கு மாறியது. அந்த மாற்றத்தில் படாத பாடுபட்ட பொறியாளர்கள், ‘நான் பிழைத்துக்கொண்டேன்’ என்ற பொருளில் சட்டைப் பொத்தான் அட்டை அச்சடித்து அணிந்துகொண்டார்கள் என்பது சுவையான செய்தி.

இரண்டு பாலங்கள்

டிசிபி செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள ஜொகூர்வாசிகளுக்குப் பாடநூல் தேவையில்லை. சிங்கப்பூருக்குச் செல்ல 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் இருக்கிறது. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலமும் இருக்கிறது.

ஓர் ஆலயத்தின் கும்பாபிஷேக மலரைச் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பக்க மலரைத் தனித்தனித் தாளாகப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் ஓர் உறையிலிட்டு, நூறு மோட்டார் சைக்கிளோட்டிகளிடம் கொடுத்தால் என்ன ஆகும்? சிலர் பழைய பாலத்தில் போவார்கள். நெரிசலைப் பார்த்துச் சிலர் இரண்டாம் பாலத்திற்குத் திரும்புவார்கள். ஐம்பதாம் பக்கம் முதலில் வந்து நிற்கும். மூன்றாம் பக்கம் கடைசியில் வரும். ஏழாம் பக்கம் வராமலே போகலாம்.

ஐபி இதைப் பற்றிக் கவலைப்படாது. ‘முயன்றேன், அனுப்பினேன்’ என்பதோடு அதன் கடமை முடிந்தது. கவலைப்படுவது டிசிபி. அது ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் போடுகிறது. வந்து சேர்ந்தவற்றுக்கு மறுமுனை ரசீது அனுப்புகிறது. ஏழாம் பக்கத்திற்கு ரசீது வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்புகிறார். வழியில் பழுதான தாளைக் கண்டுபிடிக்கச் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. எல்லாம் சேர்ந்த பிறகு பக்கங்களை அடுக்கிப் புத்தகமாகக் கையில் தருகிறது.

அனுப்பத் தொடங்குமுன் இரு கணினிகளும் மூன்று முறை பேசிக்கொள்கின்றன. தொலைபேசியில் ‘கேட்கிறதா?’, ‘கேட்கிறது, அங்கே கேட்கிறதா?’, ‘கேட்கிறது’ என்று சொல்லிவிட்டு விஷயத்திற்கு வருகிறோமே, அதேதான்.

இத்தனை கவனமும் எல்லா வேலைக்கும் பொருந்துமா? பேச்சை நேரடியாக அனுப்பும்போது, தொலைந்த ஓர் அசையைத் தேடித் திரும்ப வாங்குவதற்குள் பேச்சு எங்கோ போய்விடும். பொட்டலங்களில் குரலை அனுப்பிப் பார்த்த டேனி கோகன் போன்றவர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். அதன் விளைவாக 1980 ஆகஸ்டில் ‘யுடிபி’ என்ற எளிய நெறிமுறை வந்தது. ரசீது இல்லை, மறு அனுப்புதல் இல்லை. டிசிபியின் மேலுறைக்குக் குறைந்தது 20 பைட் வேண்டும் என்றால், இதற்கு 8 பைட் போதும். 2021இல் தர ஆவணமாக வெளிவந்த ‘குவிக்’ என்ற புதிய நெறிமுறை இந்த எளிய யுடிபியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

நெரிசலுக்கு மருந்து

1986ஆம் ஆண்டு அக்டோபரில் இணையம் ஒரு பெரிய நெருக்கடியைச் சந்தித்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே தூரம் சுமார் 400 கஜம். நடந்தே போய்விடலாம். அந்த இணைப்பில் வினாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. அதாவது 800 மடங்கு சரிவு. கம்பி அறுந்து போகவில்லை. ஒவ்வொரு கணினியும் ரசீது வரவில்லையே என்று பதறி, அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியதுதான் காரணம். நெரிசலால் தாமதம், தாமதத்தால் மறு அனுப்புதல், அதனால் இன்னும் நெரிசல்!

வேன் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் 1988இல் இதற்கான மருந்தை எழுதி வெளியிட்டார். முதலில் கொஞ்சமாக அனுப்பு. ரசீது ஒழுங்காக வந்தால் இரண்டு, நான்கு, எட்டு என்று கூட்டு. பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு உடனே குறைத்துவிடு. சாரம் இவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜொகூர் பாலத்தில் விடியற்காலை நெரிசலை ஒழுங்குபடுத்தப் போலீஸ் இருக்கிறது, சோதனைச் சாவடி இருக்கிறது. இணையத்தில் அனுப்புபவரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மைய அதிகாரி யாரும் இல்லை. வழி நெரிசலாக இருக்கிறது என்று உணர்ந்து, இரு முனைகளிலும் உள்ள கணினிகள் தாமாகவே அடக்கி வாசிக்கின்றன. தனக்கு முந்த வாய்ப்பிருந்தும் விட்டுக்கொடுக்கும் இந்தப் பண்பால்தான் இணையம் அன்று பிழைத்தது.

மலேசியாவுக்கு வந்த வலை

1985ஆம் ஆண்டு ஜனவரியில் மிமோஸ் என்ற மலேசிய நுண்மின்னணுவியல் கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ‘ராங்கோம்’ என்ற கணினி வலையமைப்பு நம் பல்கலைக்கழகங்களை இணைத்தது. அது இணையம் அல்ல. ஒரு கணினி தொலைபேசி வழியே மற்றொரு கணினியை அழைத்து, சேர்ந்திருக்கும் மின்னஞ்சல்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். 1987 ஜூனில் ‘மை’ என்ற நாட்டு முகவரிக் குறியீடு மலேசியாவுக்குக் கிடைத்தது.

பிறகு வந்தது ‘ஜாரிங்’. மலாய் மொழியில் ஜாரிங் என்றால் வலை. மலேசிய இணையத்தின் தந்தை எனப்படும் முகமட் அவாங் லா இதற்குத் தலைமை தாங்கினார். 1992இல் துணைக்கோளம் வழி அமெரிக்காவுடன் நேரடி இணைப்பு ஏற்பட்டது. அதன் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றை அனுப்ப அந்த இணைப்பு முழுவதையும் ஆறு நிமிடத்திற்கு மேல் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்! போதாக்குறைக்கு, 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோளத்திற்கு ஏறி இறங்கி, ரசீதும் அதே வழியில் வர ஏறக்குறைய அரை வினாடி பிடிக்கும். 1996இல் டிஎம்நெட் வந்தது. 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் அகண்ட அலைவரிசை வந்தது. வழிகாட்டிய ஜாரிங் 2015இல் மூடப்பட்டது.

இதற்கிடையே இன்னொரு நெருக்கடி. 1981இல் வகுத்த ஐபி முகவரிக்கு 32 பிட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் சுமார் 430 கோடி முகவரிகளே அடங்கும். அப்போது அது கடல் போலத் தெரிந்தது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. அதற்கு மாற்றாக 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு 1998இலேயே வகுக்கப்பட்டிருந்தது. அதை மலேசியாவில் பரப்புவதற்காகப் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005இல் ஒரு தேசிய மையம் அமைந்தது. அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். இணையத்தின் அடித்தளத்தைப் பேசும் மேசையில் மலேசிய இந்தியர் ஒருவருக்கும் இடம் இருந்தது என்பது பெருமைக்குரிய செய்தி.

128 இடம், 247 எழுத்து

இனி தமிழின் கதைக்கு வருவோம். கடல் கடந்த தமிழருக்குச் செய்தி அனுப்பும் சிக்கல் கணினியோடு பிறந்ததல்ல. சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றைக் கடலடித் தந்திக் கம்பி 1871 வாக்கில் இணைத்துவிட்டது. ஆனால் அனைத்துலகத் தந்தியின் மோர்ஸ் குறியீடு ரோமன் எழுத்துகளுக்காக அமைந்தது. சாவுச் செய்தியானாலும் கல்யாணச் செய்தியானாலும் ஆங்கில எழுத்தில்தான் கடல் தாண்ட வேண்டும். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து மின்னஞ்சல் வந்தபோதும் அதே நிலைதான். ‘வணக்கம்’ என்பதையே ஆங்கில எழுத்தில் தட்டினார்கள்.

ஏன்? கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஒரு பைட்டில் 256 எண்கள். அதில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கும் அடிப்படைக் குறிகளுக்கும் போய்விட்டன. எஞ்சியவை 128. தமிழுக்கோ 247 எழுத்துகள். ஆகவே கால், கொம்பு, கொக்கி என்று துண்டுகளாக்கி அந்த 128 இடங்களில் அடைத்தார்கள். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதை ஒவ்வோர் எழுத்துரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டார். ஒருவருக்கு ‘அ’ இருந்த இடத்தில் மற்றவருக்கு ‘க’ இருந்தது.

விளைவு என்ன? கோலாலம்பூரிலிருந்து அனுப்பிய தமிழ்க் கடிதம் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தது. டிசிபி தன் கடமையை அட்சரம் பிசகாமல் செய்தது. ஒரு பைட் கூடக் குறையவில்லை. ஆனால் அங்கே அதே எழுத்துரு இல்லாவிட்டால், திரையில் தெரிந்தது புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. கடிதம் வந்தது, எழுத்து வரவில்லை!

பாலத்திற்கு அக்கரையில் சிங்கப்பூரில் 1995 அக்டோபரில் ஒரு முன்னோடி முயற்சி நடந்தது. அங்குள்ள நான்கு மொழிக் கவிதைகளையும் இணையத்தில் ஏற்றியபோது தமிழும் ஏறியது. எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினருடன் இணைந்து இதைச் சாதித்தார். ‘இணையம்’ என்ற அழகிய சொல்லைத் தந்தவர் அவரே என்பர். 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாட்டை அவர் சிங்கப்பூரில் கூட்டினார். 1999இல் மறைந்தார்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கி, பின்னர் முரசு அஞ்சல் மூலம் தமிழில் மின்னஞ்சல் எழுத வழி செய்தார். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கினார். உலகின் பல மூலைகளில் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே மாதக்கணக்கில் விவாதித்து, ‘தஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 1999இல் தமிழ்நாட்டு அரசு ‘தாம்’, ‘தாப்’ என்ற வேறு குறியீடுகளை அறிவித்தது. 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது; 2001இல் அதன் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

முடிவில் நிலைத்தது யூனிகோடு. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் இந்தக் குறியீட்டில் 1991இலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 அதைத் தாங்கி வந்தது. 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசும் அதை ஏற்றது. இன்று ‘மாசாய்’ என்று எழுதினால் ம, கால், ச, கால், ய, புள்ளி என ஆறு குறிகள். ‘யுடிஎஃப் எட்டு’ முறையில் குறிக்கு மூன்று பைட் வீதம் 18 பைட். ஐபி மேலுறை 20, டிசிபி மேலுறை 20 சேர்த்தால் குறைந்தது 58 பைட். கடிதத்தைவிட உறை கனம்தான். ஆனால் உலகில் எந்தத் திரையிலும் அது ‘மாசாய்’ என்றே தெரியும்.

நேயர்களே, இரண்டு கதைகளும் சொல்வது ஒன்றுதான். செர்ஃபும் கானும் செய்தது ஓர் உடன்பாடு. தமிழ் ஆர்வலர்கள் செய்ததும் ஓர் உடன்பாடு. வலையமைப்பு சுமந்து செல்லும், புரிய வைக்காது. இரு முனையிலும் இருப்பவர்கள் ஒத்துக்கொண்டால்தான் சுமந்து வந்ததற்கு அர்த்தம். தம் எழுத்துருதான் சிறந்தது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்த காலத்தில் தமிழுக்குக் கிடைத்தது குப்பைத் திரை. சிலர் விட்டுக்கொடுத்தார்கள், தமிழ் தெரிந்தது.

பழைய வட்டுகளில் உறங்குபவை

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்யப்பட்ட எத்தனையோ தமிழ்க் கோப்புகள் இன்னும் பழைய எழுத்துருக்களில் சிறைப்பட்டிருக்கின்றன. ஆலய விழா மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ்கள், மன்றங்களின் கூட்டக் குறிப்புகள், தோட்ட வரலாறுகள்! ஜொகூரில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கே வாழ்ந்தவர்களின் பெயரும் ஊழியமும் பல இடங்களில் அந்த மலர்களில்தான் எஞ்சியுள்ளன. கோப்பு பழுதாகியிருக்காது. ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்று சொல்லக் கூடியவர் போய்விட்டால், திறந்தாலும் படிக்க ஆளிருக்காது.

மீட்க வழி உண்டு. மதுரைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய அந்த மின்னூல் திட்டம் தன் நூல்களைத் தஸ்கியில் வெளியிட்டது. பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. பொதுவான குறியீட்டில் இருந்ததால் அந்த மாற்றம் எளிதாயிற்று. பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன.

ஆலய நிர்வாகத்தினரும் பள்ளி வாரியத்தினரும் நான்கு காரியம் செய்தால் போதும். பழைய வட்டுகளைப் படிக்கும் கருவி கிடைக்கும்போதே கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று அச்சகத்தாரையோ தட்டச்சு செய்தவரையோ கேட்டு எழுதி வையுங்கள். அந்த எழுத்துருக் கோப்பு கிடைத்தால் கூடவே சேர்த்து வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய பின், அச்சிட்ட மலரோடு ஒப்பிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கக் கூடும்.

பள்ளி மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள விடுமுறைப் பணி வேறு இருக்க முடியாது. தாத்தா பாட்டியின் தோட்டத்துப் பெயரை ஒரு பேரப்பிள்ளை இணையத்தில் தட்டித் தேடும்போது, அது தமிழிலேயே கிடைக்க வேண்டும். அனுப்பும் வேலையை நெறிமுறைகள் பார்த்துக்கொள்ளும். அனுப்புவதற்கு ஏதாவது மிச்சம் வைக்கும் வேலை மனிதர்களுடையது.